ஊறுகாய் ஜாடியும் ஒரு சொட்டு ரத்தமும்



போன இதழில் மழைக்காலத்தில் ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் வைப்பது எப்படி என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஓர் இளம் தாய் கடிதம் போட்டிருக்கிறார். அவர் பிள்ளை பழைய ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்துவிட்டானாம். அதில் கறுப்பாகப் பூத்திருந்ததாம். "கொரோனா சமயத்தில் பல பேருக்குக் கண்ணை எடுக்க வைத்ததே, அந்தக் கறுப்புப் பூஞ்சை இதுதானா அக்கா? ராத்திரி தூக்கமே இல்லை" என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தூங்குங்கள் அம்மா. இரண்டும் ஒரே குடும்பம்தான். ரொட்டியில் பூக்கிற ரைஸோபஸுக்கு ஒன்றுவிட்ட உறவுதான் அந்த நோயைத் தருவது. ஆனால் அதன் விதைத்தூள் காற்றிலும் மண்ணிலும் எங்கும் இருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம். நல்ல உடம்பில் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் அதை அங்கேயே தீர்த்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பிள்ளைக்கு வாந்தி, பேதி ஏதும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், மற்றபடி பயம் வேண்டாம்.

ஆனால் 'கண்ணை எடுத்தது' என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டில் நடந்த விஷயம்.

2021 மே மாதம். ஊரடங்கு. அதிராம்பட்டினத்தில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த தெருவில் இருக்கும் என் அக்காவின் கணவர் (அத்தான்) கொரோனா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தானோ, "இதைச் சாப்பிட்டாத்தான் தெம்பா இருக்கு" என்று தானே ஆள் அனுப்பி வாங்கி, பதினைந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

தாகம், தாகம் என்றார். ராத்திரியில் நாலைந்து தரம் எழுந்து போனார். கத்திரி வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெலிந்துவிட்டாரே என்று சாத்துக்குடி பிழிந்து, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, தினமும் மூன்று வேளை தம்ளர் தம்ளராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கும் சாத்துக்குடியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பிறகு மேல் தாடையில் பல்வலி. கிராம்பு எண்ணெய் வைத்தோம். ஒரு பக்கம் மூக்கடைப்பு. ஆவி பிடித்தோம். கன்னம் மரத்துப்போனாற் போல இருக்கிறது என்றார். நாலாம் நாள் மூக்கிலிருந்து கறுப்பாக வடிந்தது. அன்றைக்குத்தான் என் கணவரின் அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். அவள் பட்டுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எடுத்த எடுப்பில் அவள் கேட்ட கேள்வி: "சித்தி, சர்க்கரை பார்த்தீங்களா?"

"அவருக்குச் சர்க்கரையே கிடையாதேம்மா!"

"பார்த்தாத்தானே சித்தி தெரியும்?"

விரலில் குத்தி ஒரு சொட்டு. 412 காட்டியது.

அன்றைக்கே தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். மூக்கினுள்ளிருந்து சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அகலமான நாடாவைப் போல இழைகள் தெரிந்ததாம். ஆம்ஃபோடெரிசின் ஊசியை வாரக்கணக்கில் ஏற்றினார்கள். அறுவை செய்தார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. உயிர் தங்கியது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 9.8 வந்தது. அது 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள். அதாவது, மாத்திரை மட்டும் ஏற்றிவிட்ட சர்க்கரை இல்லை. எங்கள் யாருக்கும் தெரியாமல் அவருடைய ரத்தத்தில் முன்னாலிருந்தே குடியிருந்திருக்கிறது.

இந்த நோய் ஏன் சர்க்கரைக்காரர்களைத் தேடி வருகிறது என்று பிறகு அந்தப் பெண்ணிடம் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். (நான் எஸ்.எஸ்.எல்.சி.தான், எனக்குப் புரியும்படி அவள் சொன்னாள், உங்களுக்கும் புரியும்.) இந்தப் பூசணத்துக்கு இரும்புச்சத்து வேண்டும். நம் ரத்தம் இரும்பைச் சும்மா விடாது, ஒரு புரதத்தோடு கட்டி, பூட்டி வைத்திருக்கும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலப் பொருள் சேரும். அமிலம் ஏறினால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும், இரும்பு பூசணத்தின் கைக்குப் போய்விடும். அதே நேரம் வெள்ளையணுக்களும் சோர்ந்து கிடக்கும். ஸ்டீராய்டு இரண்டு வேலையையும் செய்கிறது: சர்க்கரையை ஏற்றும், காவலாளையும் தூங்க வைக்கும். எங்கள் உப்பளத்துக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைத் தினம் பார்க்கிறவள் நான். உடம்புக்குள்ளும் இரும்பால் இப்படி ஒரு வம்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அத்தானுக்கு ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனையும் செய்தார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. மிக அதிகமாக இருந்தது. "அப்போ இதைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாமே?" என்று கேட்டேன். முடியாதாம். கொரோனாவிலேயே அது ஏறும், எந்தப் பெரிய காய்ச்சலிலும் ஏறும். இவர் ஆபத்தில் இருக்கிறார், கவனியுங்கள் என்று சொல்லுமே தவிர, பூசணம்தான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

பூசணத்தையே ரத்தத்தில் தேடும் பரிசோதனைகளும் இருக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூசணம் வளரும்போது கேலக்டோமேனன் என்ற தன் தோல்பொருளை ரத்தத்தில் உதிர்க்கும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு, நுரையீரலில் நோய் முற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்து உஷாராகிறார்கள். பீட்டா குளுக்கன் என்று மற்றொன்று பலவகைப் பூசணங்களைக் காட்டும். அதற்கான மருந்தைக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாம்! நம் வங்கக்கடலில் ஒடிசா கரையில் ஒதுங்குவதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் புண்ணில் வைக்கிற காஸ் துணியாலும் இந்தச் சோதனை ஏமாந்து, இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், அத்தானுக்கு வந்த கறுப்புப் பூஞ்சையை இந்த இரண்டுமே காட்டாது. அதற்குச் சதையை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். 'ரத்த டெஸ்ட் நார்மல்தானே' என்று யாராவது சமாதானம் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அந்த மே 20-ந் தேதி தமிழ்நாடு அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்கு: நாடு முழுக்க 40,845 பேர். அதில் 26,187 பேர் சர்க்கரைக்காரர்கள். 21,523 பேர் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள். 3,129 பேர் போய்விட்டார்கள். இந்தக் கணக்கைப் படித்தபோது என் சாத்துக்குடி தம்ளர்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

பெரிய பரிசோதனைகள் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பாடு. நம் கையில் இருப்பது அந்த ஒரு சொட்டு. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ, மூட்டுவலியோ, எதற்காகவோ ஸ்டீராய்டு கொடுத்தால், "சர்க்கரை எப்போ பார்க்கணும்?" என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கூச்சம் வேண்டாம். மாத்திரையைத் தானாக நீட்டவும் கூடாது, பயந்துபோய் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்தாலோ வீங்கினாலோ, மேல்பல் ஆடினாலோ, கண் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, மூக்கில் கறுப்பாக வந்தாலோ கிராம்பைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். எங்களுக்கு நாலு நாள் வீணாயிற்று.

அத்தான் இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிறார். அக்கா தினக் காலண்டர் தாளில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, அன்றன்றைய சர்க்கரை அளவையும் குறித்துவைக்கிறாள். போன வாரம் என்னைப் பார்த்து, "ஏம்மா, சாத்துக்குடி சீசன் வந்துடுச்சே, ஒண்ணும் கொண்டு வரலியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாயில் நுரை வருகிறது என்று எழுதியிருந்த சகோதரிகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.