திறக்க இயலாத பெட்டி நமக்குத் தகுமா?

கூட்டுறவுச் சங்கங்களில் பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டு வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கான 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் இசைவளித்தது. வரவேற்கத்தக்க காரியமே. ஆயினும், கணிப்பொறி வாங்கும்பொழுது நிர்வாகக் குழுக்கள் விலையைக் கேட்கின்றன, வேகத்தைக் கேட்கின்றன. பெட்டியைத் திறந்து துடைக்க முடியுமா என்று கேட்பதில்லை.

குள்ளஞ்சாவடிச் சுற்றுப்புறத்தை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. முந்திரி விளையும் செம்மண் பூமி இது. கடலூர்–விருத்தாசலம் சாலையில் லாரி ஒன்று சென்றால் எழும் புழுதி அடங்கச் சற்று நேரமாகும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் சங்கங்களிலோ நூலிலிருந்து பிரியும் பஞ்சுத் தூசு. கடன் சங்கங்களில் நிலைமை இன்னும் மோசம். உர மூட்டைகள் அடுக்கிய அறையிலேயே கணிப்பொறி இருக்கவும் கண்டிருக்கிறேன். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்பவை. அத்தூள் ஈரமுற்று உள்ளே படிந்தால் உலோகத்தை அரிக்கும்; காய்ந்த மண்ணைப்போல் ஊதினால் போய்விடாது.

பெட்டிக்குள் நடப்பது எளிதில் விளங்கக்கூடியதே. கணக்கிடும் சில்லு சூடேறுகிறது. அச்சூட்டை உலோகத் தகடுகளின் வரிசை ஒன்று வாங்கிக்கொள்கிறது. சிறு விசிறி வெளிக்காற்றை இழுத்து அத்தகடுகளினூடே செலுத்துகிறது. காற்றோடு தூசும் வருகிறது. இடுக்கில் முதலில் பஞ்சு சிக்குகிறது, பஞ்சில் மண் ஒட்டுகிறது, நாளடைவில் கம்பளிபோல ஓர் அடை காற்றின் வழியை மூடிவிடுகிறது. சூடு 100 டிகிரியை நெருங்கும்பொழுது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் பொறி நின்றுவிடும். பயிர்க்கடன் வழங்கும் நாளில் அங்கத்தினர்கள் வரிசையில் நிற்க, "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்ற பதில் வருகிறது. குற்றம் சில வேளைகளில் தொலைவிலுள்ள சர்வரில் இல்லை; மேசைக்கடியிலேயே இருக்கிறது. (ஓடிக்கொண்டிருக்கும் பொறிக்குத் துணி போர்த்துகிறவர்களும் உண்டு. அது மரியாதையன்று, மூச்சை அடைப்பது.)

பழைய சி.பி.யூ. பெட்டியில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் பக்கப் பலகை வந்துவிடும். திரையும் பொறியும் ஒன்றாயிணைந்த புது வகைகளில் சிலவற்றை அவ்வாறு திறக்க இயலாது. இவ்வழக்கம் இன்று தோன்றியதன்று. 1984இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட மாக்கின்டாஷ் பொறியைத் திறக்கவே நட்சத்திர முனையுள்ள நீண்ட திருப்புளி வேண்டியிருந்தது. 2012இல் அதே கம்பெனியின் ஐமாக் பொறியில் திரையைப் பசையால் ஒட்டிவிட்டார்கள். பார்வைக்கு அழகுதான், தூசுக்கு அழகு தெரியாது.

ஒட்டுச் சீல் மற்றொரு தடை. சீல் கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். துடைப்பதற்காக எழுத்தர் சீலைக் கிழித்தார் என்ற ஒரே காரணத்தால், பழுதைச் சரிசெய்து தர விற்பனையாளர் மறுத்த சங்கம் ஒன்றை நான் அறிவேன். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில், இவ்வகை நிபந்தனை விதித்த ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள் அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளுள் ஒன்று.

பழகாத கை பட்டால் பொறி கெட்டுவிடும் என்பது விற்பனையாளர் வாதம். மின்வழங்கிப் பெட்டியையும் யூ.பி.எஸ்.ஸையும் எழுத்தர் திறக்கலாகாது என்பது வரையில் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நெசவாளி தறியின் பஞ்சைத் தானே தட்டுகிறார். விவசாயி எஞ்சினின் காற்று வடிகட்டியைத் தானே கழற்றுகிறார். மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுவது அதைவிடக் கடினமான வேலையன்று.

ஆகவே, அடுத்த முறை விலைப்புள்ளி கோரும் சங்கங்கள் சில நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க வேண்டும். பெட்டி சாதாரணத் திருப்புளியால் திறக்கப்பட வேண்டும். காற்று நுழையும் வாயில் கழற்றிக் கழுவத்தக்க வலை இருக்க வேண்டும். தூசு தட்டத் திறந்ததால் உத்தரவாதம் கெடாது என்று விற்பவர் கையொப்பமிட வேண்டும். சீலிட்ட பொறியை ஏற்கெனவே வாங்கிவிட்ட சங்கங்கள், மூன்று மாதத்திற்கொருமுறை வந்து உட்புறம் துடைக்கும் பொறுப்பைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொள்ளட்டும். உர மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றுவதற்கு எந்த ஒப்பந்தமும் வேண்டியதில்லை. அதை இந்த வாரமே செய்யலாம்.