இழப்பைப் பிரித்தறியும் கல்வி

அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் நீர்க்கணக்கு அறிந்தவர். வெயில் குடிப்பது எவ்வளவு, கட்டினூடே கசிவது எவ்வளவு, துருசால் ஒழுகுவது எவ்வளவு என்று பிரித்து நோக்கியே சிறுபோக விதைப்பைத் துணிவர். பௌதிகவியல் வகுப்பிலும் இத்தகைய கல்வியே வேண்டுமென்பது எமது கருத்து.

மின்கோடுபுகு பொருளாலான உருளைப் பரிவியை எடுத்துக்கொள்வோம். பீங்கான் போன்ற இச்சிறு உருளையினுள் நுண்ணலை தேங்கி நிற்கின்றது. மின்கோடுபுகுமாறிலி 100 ஆயின், வெளியில் 3 சதமமீற்றரான அலைநீளம் உள்ளே 3 மில்லிமீற்றராகச் சுருங்கும். பெரிதும் பயன்படும் பரிவுவகையில் மின்புலம் அச்சைச் சூழ்ந்த வட்டங்களாக அமையும். காந்தப்புலம் அச்சுவழியே எழுந்து, புறத்தே வளைந்து மீளும்.

தேங்கிய சத்தி மூவழியிற் கழிகின்றது: பொருளினுள் வெப்பமாதல், சூழ்ந்த உலோகப் பெட்டியின் சுவரில் வெப்பமாதல், வெளியிற் கதிர்த்தல். திறந்த வெளியிலுள்ள பரிவி கதிர்த்தேயாகவேண்டுமென்பதை றிச்ற்மையர் 1939இல் நிறுவினார். தேங்கிய சத்தியை ஓரலைவில் இழந்த சத்தியால் வகுத்து, பையின் இருமடங்காற் பெருக்க வருவது தரக்காரணி. மூவிழப்புக்குமுரிய தரக்காரணிகளின் தலைகீழ்களைக் கூட்டினால் மொத்தத் தரக்காரணியின் தலைகீழ் கிடைக்கும். எனவே பேரிழப்பே முடிவை ஆள்கின்றது. சுவரிழப்பு மிகின் சுவரை விலக்கி வைக்கலாம். பொருளிழப்பு மிகின் பெட்டியை மாற்றிப் பயனில்லை. சூத்திரத்தை மனனஞ் செய்தவனினும் அளந்து பார்த்தவனே இதனை நன்குணர்வான்.

இவ்வுருளையின் தாய்ப்பொருளும் எமக்கு அந்நியமன்று. 1960 அளவில் ஆராயப்பட்ட பரிவிகள் ரூற்றைலாலானவை. வெப்பநிலையோடு அவற்றின் மீடிறன் வழுவியமையால் 1970களிற் பேரியத் தைத்தனேற்றுக்கள் வந்தன. அந்த ரூற்றைலும் இல்மனைற்றும் முல்லைத்தீவை அடுத்த புல்மோட்டைக் கரையில் அள்ளப்படுகின்றன. ஆயினும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. இதுவும் ஓர் இழப்பன்றோ?

மணலைத் தூய்மையாக்குவது பெருந்தொழில். அதனை நாளையே தொடங்குக என்று யாம் கூறோம். ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் உண்டு. அக்கராயன் முதலாம் ஊர்களின் உயர்தர வகுப்பு மாணவர் ஆண்டுக்கொருமுறையேனும் அங்கு சென்று ஒரு பரிவு வளையியைத் தம் கையால் வரையும் வாய்ப்பைப் பெறல் வேண்டும். போக்குவரத்துச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்பது அரிதன்று. யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்புதல் நம் வழக்கம். இம்முறை வாயில்வளைவுக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கையேனும் அளவைக் கருவிகளுக்கு ஒதுக்குவோமாக. கூரிய மாணவன் ஒருவன் கருவியைக் காணாமலே கல்லூரியை விட்டு நீங்குவது, எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படாத இழப்பாகும்.