கீறினது துணி இல்ல, டிசைன்

புது கார் எதுலயாவது ஏறி உட்கார்ந்து பாருங்க. கியர் லிவரைச் சுத்தி, ஏசி வென்ட் ஓரத்துல, பவர் விண்டோ சுவிட்ச் பக்கத்துல, கறுப்பா கண்ணாடி மாதிரி மின்னுற பிளாஸ்டிக் இருக்கும். 'பியானோ பிளாக்'னு பேர். ஷோரூம் விளக்குல யாருக்கும் பிடிக்கும். அதையே கொஞ்ச மாசம் கழிச்சு மத்தியான வெயில்ல பாருங்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கீறல்கள். உடனே திட்டு யாருக்கு விழும்? தினமும் காலையில துடைக்கிற டிரைவர் அண்ணனுக்கு, இல்லேன்னா வாட்டர் வாஷ் கடைப் பையனுக்கு.

அந்தத் திட்டு போய்ச் சேர வேண்டிய இடம் வேற என்பதுதான் என் கருத்து.

காரணம் சிம்பிள். ரோட்டுத் தூசியில குவார்ட்ஸ் மணல் இருக்கு. மோஸ் அளவுகோல்ல அதோட கடினத்தன்மை 7. ஜன்னல் கண்ணாடியே சுமார் 5.5 தான். பிளாஸ்டிக் அதைவிட ரொம்ப மென்மை. தூசி மேல காய்ஞ்ச மஞ்சத் துணியை வெச்சுத் தேய்ச்சா, அது உப்புத்தாள் போட்ட மாதிரிதான். சொரசொரப்பான டேஷ்போர்டுலயும் இதே கீறல் விழும். ஆனா அந்தப் பரப்பு ஏற்கெனவே ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில திருப்பி அனுப்பும். அதுல சின்னக் கீறல் விழுந்தாலும் தனியா மின்னிக் காட்டும். கறுப்பு நிறம்னா இன்னும் மோசம்.

சரி, இருக்கிற காரை என்ன பண்றது? முதல்ல அது உரசல் கறையா, கீறலான்னு பாருங்க. ஷூவோட ரப்பர், பை வார் உரசினா அதோட பொருள் பிளாஸ்டிக் மேல ஒட்டிக்கும். ஈர மைக்ரோஃபைபர் துணி, ஒரு சொட்டு கார் ஷாம்பு போதும், பெரும்பாலும் போயிடும். கீறல்னா பிளாஸ்டிக்கே கொஞ்சம் பெயர்ந்து போயிருக்கு. அது மெல்லிசா இருந்தா, பிளாஸ்டிக் பாலிஷை முதல்ல மறைவான மூலையில சோதிச்சுட்டு, கையால மெதுவா தேய்க்கலாம். மேல கிளியர் கோட் இருந்தா அது ரொம்ப மெல்லிசு, அதனால திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க. நகம் மாட்டுற அளவு ஆழம்னா பாலிஷ்ல போகாது, அந்தப் பீஸையே மாத்தணும். தின்னர், பெட்ரோல், சானிடைசர் பக்கம் போகவே வேண்டாம். சில பிளாஸ்டிக்ல அதனால வெடிப்போ மங்கலோ வரும்.

வராம தடுக்க, முதல்ல மென்மையான பிரஷ்ஷால தூசியைத் தட்டிவிடணும். அப்புறம் ஈரத் துணியை அழுத்தாம ஓட்டணும். கடைசியா இன்னொரு சுத்தமான துணியால ஒத்தி எடுக்கணும். புது கார்னா மேல பிபிஎஃப் எனும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கலாம். டிஷ்யூ பேப்பர், பனியன் வேஸ்ட் ரெண்டும் வேண்டாம்.

"அப்போ ஒழுங்கா துடைச்சா பிரச்சினை இல்லையே, டிசைனை ஏன் குறை சொல்ற?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா யோசிங்க. கை, சாவி, போன், டம்ளர் எல்லாம் அதிகமா படுற இடம் கியர் கன்சோல். ஒரு நாளைக்கு அம்பது தடவை தொடுற இடத்துக்கு, மியூசியப் பொருள் மாதிரி பராமரிப்பு தேவைப்படுற ஃபினிஷைத் தேர்ந்தெடுத்தது யார்? மோல்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணினா பிளாஸ்டிக்கும் அப்படியே பளபளன்னு வெளிய வரும். 'பிரீமியம்' லுக் சுலபமா கிடைச்சிடுது. ஆனா அதைக் காப்பாத்துற வேலை, அதுக்கான ஃபிலிம் செலவு, கீறினா வாங்குற திட்டு எல்லாம் காரைப் பயன்படுத்துறவங்க தலையில.

அழகு வேண்டாம்னு சொல்லல. கை படாத இடத்துல, டேஷ்போர்டு மேல்பட்டையில பளபளப்பு வைக்கட்டும். கை படுற இடத்துல மேட் ஃபினிஷ் போதும்.

நம்மள்ல சிலர் அடுத்த வருஷம் ஏதோ ஒரு டிசைன் டீம்ல உட்காரப் போறோம். மெட்டீரியல் தேர்ந்தெடுக்கும்போது வலிமை, எடை, விலைன்னு பார்ப்போம். கூடவே ஒரு வரி சேர்த்துக்குங்க: 'இதை தினமும் துடைக்கப் போறது யார், எந்தத் துணியால?'

அதுவரைக்கும் டிரைவர் அண்ணனைத் திட்டாதீங்க. நல்ல மைக்ரோஃபைபர் துணி ரெண்டு வாங்கிக் கொடுங்க.