வாசலில் நடக்கும் இரண்டாவது பரீட்சை

பரீட்சை மண்டபத்தில் மணி ஒலித்து, மேற்பார்வையாளர் விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டியதும் பரீட்சை முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் பெரியவர்கள் மாத்திரமே. மாணாக்கர் அவ்வாறு எண்ணுவதில்லை. பாடசாலை வாசலிலே, வேப்பமரத்தடியிலே, பஸ் தரிப்பிடத்திலே அவர்களுக்கு இரண்டாவது பரீட்சையொன்று தொடங்குகின்றது. இதற்கு நேரசூசி இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, ஆயினும் புள்ளி வழங்குவோருக்கு மட்டும் குறைவே இல்லை.

எல்லாப் பாடங்களுக்கும் இது உண்டென்றாலும், கணித பாடத்தன்று இதன் வேகமே வேறு. வரலாற்று வினாவொன்றுக்கு ஒருவன் அரைப்பக்கமும் மற்றொருவன் இரண்டு பக்கமும் எழுதியிருக்கலாம். எது சிறந்தது என்று வாசலில் நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது. கணிதமோ அப்படியன்று. அங்கே விடை ஓர் எண்ணாக வந்து நிற்கின்றது. எண்ணோடு எண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியிலே ஒரு பிள்ளையின் முகம் மலர்கிறது. மற்றொரு பிள்ளையின் முகம் வாடுகிறது.

சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய மூன்று நண்பர்களைக் கற்பனை செய்துகொள்வோம். 50,000 ரூபாவை ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டிக்குக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளின் முடிவில் கிடைக்கும் மொத்தத் தொகை யாது என்பது வினா.

"மச்சான், அந்த வட்டிக் கணக்குக்கு உனக்கு என்ன வந்தது?"

"62,720."

"எனக்கு 62,000. நீ எங்கேயோ பிழை விட்டிட்டாய்."

மூன்றாமவன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு வந்தது 62,270. இருவரில் எவருடைய விடையோடும் அது பொருந்தவில்லை. முழுக் கணக்கும் போய்விட்டது என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

உண்மை என்ன? முதல் ஆண்டு முடிவில் தொகை 56,000 ரூபா. அதற்கு இரண்டாம் ஆண்டு வட்டி 6,720 ரூபா. ஆகவே 62,720 என்பதே சரியான விடை. 62,000 என்றவன் கூட்டு வட்டியை எளிய வட்டியாகக் கணித்துவிட்டான். வினாவின் உயிரே அவனிடம் தப்பிவிட்டது. வாய் திறவாதவனோ முறையைச் சரியாக அறிந்திருந்தான். 6,720 என்பதை அடுத்த வரியில் 6,270 என்று மாற்றி எழுதியது ஒன்றே அவன் செய்த பிழை. வாசலிலே இருவரும் பிழைதான். ஆனால், பரீட்சகரின் மேசையிலே இருவரும் ஒன்றல்லர்.

கணித விடைத்தாளுக்குப் புள்ளியிடுவோர் இறுதி விடையை மட்டும் பார்த்துக் கோடு கீறுவதில்லை. அவர்கள் கையில் புள்ளியிடும் திட்டம் ஒன்று இருக்கும். படிமுறைகளைக் காட்டிச் செய்யும் வினாக்களுக்கு இன்ன படிக்கு இத்தனை புள்ளி என்று அதில் பகுத்து வைத்திருப்பார்கள். இலக்கத்தை மாற்றி எழுதிய பிள்ளை அங்கே ஒன்றிரண்டு புள்ளிகளை இழப்பானேயன்றி முழு வினாவையும் இழப்பதில்லை. பரீட்சகர் வழியைப் பார்க்கிறார். வாசலில் நிற்பவர்களோ போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

அந்த ஒன்றிரண்டு புள்ளியின் பெறுமதியையும் எண்ணிப் பார்ப்போம். அண்மைய ஆண்டுகளின் அமைப்பின்படி முதலாம் வினாத்தாளுக்கு 100 புள்ளி, இரண்டாம் வினாத்தாளுக்கு 100 புள்ளி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவதே இறுதிப் புள்ளி. ஆகவே, இடையில் தவறவிட்ட ஒரு புள்ளி இறுதியில் அரைப் புள்ளியாகவே குறையும். 75க்கு மேல் 'ஏ', 65க்கு மேல் 'பி', 50க்கு மேல் 'சி', 35க்கு மேல் சாதாரண சித்தி என்னும் படிகளிலே, அரைப் புள்ளிக்காக ஒரு பிள்ளை இரவு முழுவதும் கண்ணீர் வடிப்பது எவ்வளவு பரிதாபம்! வாசலில் நின்று "எனக்கு 'சி' கூட வராது" என்று சொல்லும் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அன்று காலை எத்தனையோ கணக்குகளைப் போட்டவர்கள், தம் புள்ளியைப் பற்றிய கணக்கிலேதான் படிமுறையை மறந்துவிடுகிறார்கள்.

வெவ்வேறாகத் தோன்றும் விடைகள் எல்லாம் வெவ்வேறு விடைகளும் அல்ல. ஒருவன் 7/4 என்று எழுதுவான், மற்றொருத்தி 1.75 என்று எழுதுவாள். ஒருவனுக்கு 12இன் வர்க்கமூலம். அடுத்தவனுக்கு 3இன் வர்க்கமூலத்தின் இருமடங்கு. பெறுமானம் ஒன்றுதான், உடுத்திய உடைதான் வேறு. மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தும் கணக்கிலே இன்னொரு சங்கடமும் உண்டு. 7.53ஐ 8.46ஆற் பெருக்கும்படி கேட்டால், நான்கு தானங்கள் கொண்ட அட்டவணைப்படி 63.71 என்று வரும். வீட்டிலே அண்ணன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்ப்பான், அது 63.70 என்று காட்டும். "பிழைதானே!" என்பான் அண்ணன். பிழை பிள்ளையுடையதன்று, அட்டவணையின் எல்லை அது. அட்டவணை கொண்டு செய்யச் சொன்ன கணக்கின் விடையைக் கைத்தொலைபேசியின் விடையோடு ஒப்பிடுவது முழக்கோலால் அளந்த துணியைக் கஜக்கோலால் அளந்து குறை சொல்வது போலாகும்.

இந்த வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1880ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பரீட்சை இந்நாட்டில் நடைபெறத் தொடங்கியது. அந்தப் பரீட்சையின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்கே திருத்தப்பட்டன. பெறுபேறு கடல் கடந்து திரும்பி வருமட்டும் பொறுத்திருக்க வேண்டிய நம் முன்னோர், தம் புள்ளியை ஊகியாமலா இருந்திருப்பார்கள்? இன்று விடைத்தாள்கள் கடல் கடப்பதில்லை. பெறுபேறும் கையிலுள்ள தொலைபேசிக்கே வந்து சேருகின்றது. ஆயினும் இடையிலே சில மாதங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் மனம் வெறுமையைத் தாங்காது. ஊகத்தாலாவது அதை நிரப்பிக்கொள்ளும். இது மனித இயல்பு. இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதிற் பயனில்லை.

ஆனால் வாசலிலே யார் குரல் உயர்ந்து ஒலிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குருகர், டேவிட் டனிங் என்னும் இரு உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தருக்கம், இலக்கணம் முதலியவற்றிலே மாணவருக்குச் சோதனை வைத்து, உங்கள் திறமை ஏனையோருடன் ஒப்பிடுகையில் எந்நிலையில் உள்ளது என்று அவர்களையே மதிப்பிடச் செய்தனர். மிகக் குறைவாகச் செய்தவர்கள் தம்மைச் சராசரிக்கு மேற்பட்டவர்களாக மதிப்பிட்டனர். மிக நன்றாகச் செய்தவர்களோ தம் நிலையைச் சற்றுத் தாழ்த்தியே மதிப்பிட்டனர். ஒன்றைச் சரியாகச் செய்வதற்கு வேண்டிய அறிவுதான், செய்தது சரியா என்று அறிவதற்கும் வேண்டும் என்பது அவர்கள் கூறிய விளக்கம். "எல்லாம் சரி, 'ஏ' நிச்சயம்" என்று முழங்குபவனைக் கண்டு நடுங்கும் பிள்ளை இதை அறிந்திருப்பது நன்று. 62,000 என்றவனின் குரலே நம் கற்பனை நண்பர்களிடையும் உறுதியாக ஒலித்தது அல்லவா?

இனி, இந்த வாசற் பரீட்சையால் விளையும் உண்மையான கேட்டினைக் கூறுவோம். கணிதத்தோடு பரீட்சை முடிந்துவிடுவதில்லை. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள் உண்டு. கணித வினாத்தாளுக்குப் பின்னர் வேறு வினாத்தாள்கள் எஞ்சியிருக்குமாயின், வாசலில் மனமுடைந்த பிள்ளை அன்று மாலை புத்தகத்தைத் திறப்பதில்லை; திறந்தாலும் எழுத்து மனத்திற் படிவதில்லை. உண்மையில் இழந்தது இரண்டு புள்ளி; இழந்ததாக எண்ணியது இருபது புள்ளி; அந்த எண்ணத்தினால் அடுத்த பாடத்தில் மெய்யாகவே இழப்பது எத்தனை புள்ளியோ! வெண்ணெய் திரளும் வேளையிலே தாழியை உடைத்த கதை இதுதான். முன்னைய வினாத்தாளை மாற்ற எவராலும் இயலாது. அடுத்த வினாத்தாள் ஒன்றே பிள்ளையின் கையில் இருக்கின்றது.

அப்படியானால் விடைகளை ஒப்பிடவே கூடாதா என்று மாணாக்கர் கேட்பர். ஒப்பிடுங்கள், ஆனால் காலமும் முறையும் அறிந்து ஒப்பிடுங்கள். கணக்கினை எவ்வாறு தீர்ப்பது என்பது பற்றி 1945ஆம் ஆண்டிலே நூலொன்று எழுதிய ஹங்கேரிய நாட்டுக் கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா, அதற்கு நான்கு படிகளை வகுத்தார். வினாவை விளங்கிக்கொள்ளல், வழியைத் திட்டமிடல், திட்டத்தை நிறைவேற்றல் என்பன முதல் மூன்று. நான்காவது, செய்ததைத் திரும்பிப் பார்த்தல். நம் மாணாக்கர் பலர் வகுப்பிலே இந்த நான்காம் படியை எட்டுவதில்லை; அடுத்த கணக்கு காத்திருக்கும். பரீட்சைக்குப் பின் நண்பர்கள் கூடி வினாத்தாளைப் பார்ப்பது, அந்த நான்காம் படிக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பாகும்.

ஆகவே, கடைசிப் பாடமும் முடியட்டும். பின்னர் ஒரு நாள் வினாத்தாளைக் கையில் எடுத்து, இருவர் மூவராக அமர்ந்து, "உனக்கு என்ன வந்தது?" என்று கேளாமல், "நீ எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். கேத்திரகணித நிறுவலை ஒருவர் ஒரு தேற்றத்தாலும் மற்றவர் வேறொரு தேற்றத்தாலும் முடித்திருக்கக் காண்பீர்கள். பிழைத்த கணக்குகளையும் வகை பிரித்துப் பாருங்கள். பாடமே தெரியாமல் விட்டது எது? தெரிந்தும் கை தவறியது எது? வினாவை அவசரமாக வாசித்ததால் வந்தது எது? நேரம் போதாமல் நின்றது எது? இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு. உயர்தரத்திலே கணிதமோ வர்த்தகமோ விஞ்ஞானமோ கற்கச் செல்பவருக்கு, எந்தப் பெறுபேற்றுப் பத்திரமும் சொல்லாத செய்தியை இந்தப் பட்டியல் சொல்லும். மறுமுறை தோற்ற நேரும் பிள்ளைக்கோ அது பாதி ஆயத்தமாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை படலையைத் திறக்குமுன்னரே, "தம்பி, எத்தனை கணக்குச் சரி? பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாம் சரியாம்" என்று வாசற் பரீட்சையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் கேட்கும் தொகையை அறியப் பிள்ளைக்கே வழியில்லை. அறியாததைக் கேட்டால், அச்சமுள்ள பிள்ளை குறைத்துச் சொல்லும். உங்களை மகிழ்விக்க விரும்பும் பிள்ளை கூட்டிச் சொல்லும். கூட்டிச் சொன்ன பிள்ளையோ, பெறுபேறு வரும்வரை அந்தப் பொய்யான எண்ணைச் சுமந்துகொண்டு உங்கள் முன்னே நடமாட வேண்டியிருக்கும். இந்தச் சுமை புள்ளிக் குறைவைவிடக் கொடியது.

"சாப்பிட்டியா? நாளைக்கு என்ன பாடம்?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்; அன்றைக்கு அவை போதும். பெறுபேறு வந்த பின்னர் ஐயம் இருந்தால் விடைத்தாளை மீளாய்வு செய்ய விண்ணப்பிக்கும் முறை இருக்கின்றது. சித்தி தவறினால் மீண்டும் தோற்றும் வழியும் திறந்தே இருக்கின்றது. அவற்றுக்கு உரிய நாள் வரும்போது அவற்றைப் பேசிக்கொள்வோம். அதற்குமுன், வாய் திறவாமல் வீடு திரும்பிய அந்த மூன்றாமவனுக்கு ஒரு தேநீர் கொடுத்து, நாளைய பாடப்புத்தகத்தை அவன் பக்கத்திலே எடுத்து வையுங்கள்.