முடத்தெங்கு

நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு நடத்திவருகிறேன். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்ன பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகளை வைத்திருக்கிறார்: கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்காய் இட்ட குடம் இட்ட வரிசையில் காயைத் தராது. முறை பிறழக் கொட்டும். மடல் சூழ்ந்த பனை தானாக உதிர்த்தால்தான் உண்டு. ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குண்டிகை, கொள்வதும் கொடுப்பதும் சிறிது சிறிதாகவே. முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. ஒருவர் வீட்டில் வேரூன்றி, அவர் ஊற்றிய நீரைக் குடித்து, அடுத்த வீட்டு முற்றத்தில் காயை உதிர்ப்பது.

இந்த நான்கையும் தேர்வுக்கு வரும் ஐந்து மதிப்பெண் வினாவாகவே சொல்லிக்கொடுத்து வந்தேன். அது என்னையும் குறித்த வினாவாக இருக்கலாம் என்று தோன்றியது 2024 மே மாதம், கம்போடியாவில் ஐந்து நாட்கள் 'ஆசிரியராக' இருந்த பிறகுதான்.

என் மைத்துனர் நோம்பென் நகரில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் பணிபுரிகிறார். கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குக் குடும்பத்துடன் போனோம். அங்கோர் வாட் பார்க்கச் சியம் ரீப் செல்வதென்று முடிவானபோது, கோயில்களைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்புவதோடு நில்லாமல் பயனுள்ளதாக ஏதேனும் செய்யலாமே என்ற எண்ணம் வந்தது. பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகளுக்கு வெளிநாட்டில் தொண்டு செய்த சான்றிதழ் பின்னாளில் உதவும் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். இணையத்தில் தேடி, முகவர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்தி, ஊருக்கு வெளியே தொன்லே சாப் ஏரிப் பக்கமுள்ள ஒரு சிறு பள்ளியில் ஐந்து நாட்களுக்கு இடம் பிடித்தோம். அந்நாட்டின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலை, பிற்பகல் என இரு முறைகளாக நடப்பவை. பிள்ளைகளுக்கு மீதமாகும் அரை நாளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க எழுந்த பள்ளி அது.

முகவர் எங்களிடம் கேட்டவை இரண்டு: கடவுச்சீட்டின் நகல், பணம். நான் தமிழ் படித்தவன். என் கல்லூரியில் ஆங்கிலத் துறை வகுப்பறைக்குள் சுண்ணக்கட்டியோடு நுழைந்தால் துறைத்தலைவர் என்னை மரியாதையாக வெளியே அழைத்துச் செல்வார். கடல் கடந்ததும் நான் ஆங்கில ஆசிரியராகிவிட்டேன். இதிலுள்ள வேடிக்கை அன்று எனக்கு உறைக்கவில்லை.

உறைக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாடு ஒரு தமிழாசிரியனை எளிதில் மயக்கிவிடும். கெமர் மொழியில் ஆசிரியர் 'க்ரூ', குருவேதான். பள்ளி 'சாலா', நம் பாடசாலையின் சாலை. எழுத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அக்ஷரம் என்ற சொல்லின் திரிபு. அந்த எழுத்தோ பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. ஆண்டு குறித்த மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டுக்குரியது. சொற்களுக்கிடையே இடம் விடாமல் அவர்கள் எழுதிச் செல்வதைப் பார்த்தபோது நம் ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல ஓர் உரிமை உணர்வு. அந்த உரிமையோடுதான் முதல் நாள் வகுப்புக்குள் போனேன்.

முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை, முப்பது வயதிருக்கும், கைகூப்பி வணங்கிவிட்டுத் தன் மேசையை எனக்கு விட்டுக்கொடுத்துக் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஆங்கில எழுத்துகளில் தொடங்கினேன். நான் வாய் திறக்குமுன் அவர்கள் இறுதிவரை சொல்லி முடித்தார்கள். தலையையும் தோளையும் தொட்டுத் தொட்டு ஆடும் அந்த ஆங்கிலப் பாட்டை மகள் தொடங்கினாள். பிள்ளைகள் அவளைவிட வேகமாக ஆடினார்கள். நிறங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைச் சிறுமியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் அதே நிறங்கள் ஆறு இடங்களில், ஆறு விதமான கையெழுத்துத் திருத்தங்களோடு இருந்தன. எனக்கு முன்னால் ஆறு பேர் வந்து சிவப்பிலும் நீலத்திலும் தொடங்கி, மஞ்சளைத் தாண்டுமுன் விமானம் ஏறியிருக்கிறார்கள். ஏழாவது கழற்பெய்குடமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

இடைவேளையில் அந்தச் சிறுமி அருகில் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: எத்தனை நாள்? ஐந்து என்றேன். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஐந்து நாட்களுக்குரிய அன்பை எவ்வளவு கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளைகள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கணக்கில் குறை வைக்கவுமில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள், படத்துக்கு நின்றார்கள், கடைசி நாள் விடைபெறும் பாட்டைப் பாடினார்கள். அதற்கும் அவர்களுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. என் மகள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர்கள் அழவில்லை. அதை அவர்களுடைய மனவலிமை என்று வண்டியில் வரும்போது சொன்னேன். "இல்லப்பா, பழகிப்போச்சு" என்றாள் மகள்.

இந்தச் சொல்லைத்தான் நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். வந்தவர் போய்விடுவார் என்பதற்குப் பிள்ளைகளைப் பழக்குவது ஒரு கல்வி என்றால், அதை நாம் நன்றாகவே கற்பித்துவிட்டு வந்தோம். பதிலுக்கு நாங்கள் பெற்றவை பல. மகளுக்குச் சான்றிதழ், எனக்கு நாற்பது புகைப்படங்கள், உறவினரிடம் சொல்ல ஒரு கதை, மனத்துக்கு ஒரு நிறைவு. நீர் ஊற்றியவர்கள் அந்தப் பிள்ளைகள். பொறுமை அவர்களுடையது, நேரம் அவர்களுடையது, கூச்சத்தை விட்டு ஆடிய ஆட்டம் அவர்களுடையது. காய் விழுந்தது எங்கள் முற்றத்தில்.

'ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணித்தான் போனேன். ஆனால் அங்கே ஒன்றுமில்லாமல் இல்லை. ஓர் ஆசிரியை இருந்தார். எங்கள் வருகையால் அவர் தம் வகுப்பிலேயே கடைசி வரிசைக்குப் போனார். வாரந்தோறும் வேற்று நாட்டார் ஒருவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்கும் ஆசிரியரைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஆசிரியர் என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் எவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது இன்னும் கனமான கேள்வி.

நோம்பென் திரும்பியதும் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அது ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. 1975 ஏப்ரல் 17 அன்று ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ், அந்தப் பள்ளியைச் சிறையாக்கியது. வகுப்பறைகளைச் செங்கல் சுவர்களால் சிறு சிறு அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். சில சுவர்களில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சி வீழ்வதற்குள் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். படித்தவர் என்பதே குற்றமாக இருந்த காலம். ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டோ, பசியிலும் நோயிலும் மடிந்தோ, நாட்டைவிட்டு ஓடியோ போயினர்.

1979க்குப் பிறகு பள்ளிகளை மீண்டும் திறந்தபோது பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. சற்றே படித்தவர், படிக்காதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வழி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் ஆசிரியர்களானார்கள். ஆகவே தகுதியில்லாதவர் வகுப்பில் நிற்கவே கூடாது என்று வாதிட எனக்கு உரிமையில்லை. அந்த நாட்டின் கல்வி தகுதிச் சான்றிதழ் இல்லாதவர்களின் தோளில்தான் மீண்டும் எழுந்தது. ஆனால் அவர்கள் மறுநாளும் வந்தார்கள். அடுத்த ஆண்டும் இருந்தார்கள். தங்கள் பிழைகளோடு சேர்ந்து அந்த ஊரிலேயே முதுமை அடைந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு படிப்பில் இல்லை, மறுநாளில் இருக்கிறது.

வந்துபோகும் நல்லெண்ணம் பிழையான ஒரு சந்தையையே உருவாக்கிவிடும் என்பதையும் அந்த நாடு கண்டிருக்கிறது. 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டில் வறுமை குறைந்துகொண்டிருந்தது. அனாதைகள் திடீரென்று பெருகிவிடவுமில்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். வறிய பெற்றோரிடம் படிப்பையும் சோற்றையும் சொல்லிப் பிள்ளைகளைப் பெற்று, வெளிநாட்டுப் பயணிகளின் நன்கொடைக்கு முன் நிறுத்திய இல்லங்கள் அவற்றில் இருந்தன. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட வேண்டியதாயிற்று. நாங்கள் போனது இல்லமன்று, பள்ளி. அங்கே யாரும் தாயைப் பிரிந்து வரவில்லை. ஆயினும் வருவோரின் விருப்பத்துக்கேற்பப் பிள்ளைகளின் நாள் வடிவம் பெறுகிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

வெளிநாட்டில் கற்பிக்கப் போவதே தவறு என்று சொல்லவில்லை. 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அமைதிப் படையில் பணிக்காலம் பொதுவாக 27 மாதங்கள். அதில் முதல் மூன்று மாதங்கள் மொழியும் ஊர் வழக்கமும் கற்பதற்கே. அந்த அமைப்பின் அரசியலைப் பற்றித் தனியே பேசலாம். மறுநாள் வருவேன் என்ற உறுதியைத் தராமல் ஒருவர் வகுப்பறைக்குள் போகக் கூடாது என்ற எளிய விதியையேனும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தூரதேசத்தைச் சொல்லி நம்மைத் தப்பிக்க விடுவதும் நியாயமன்று. நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலராக நான் மூன்றாண்டுகள் இருந்தேன். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போயிருக்கிறேன். பள்ளிச் சுவருக்கு வண்ணமடித்தோம், மரக்கன்று நட்டோம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னோம். அறிக்கை எழுதினேன். நட்ட கன்றுகளுக்கு எட்டாம் நாள் யார் நீர் ஊற்றினார்கள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை. வெளிநாட்டவர் ஒருவர் என் மகளின் பள்ளிக்குள் வந்து ஐந்து நாள் பாடம் நடத்தி, அவள் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டு போனால் நான் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போவேன். நம் பிள்ளைக்கு ஒவ்வாததை எளிய வீட்டுப் பிள்ளைக்குக் கொடையாகத் தருவதற்கு நாம் வேறு பெயர் தேட வேண்டும்.

அந்த ஐந்து நாட்களில் உருப்படியாக நடந்தவை இரண்டு. வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவி பாடம் நடத்த மறுத்துவிட்டார். நூலக அலமாரியில் கிழிந்து கிடந்த புத்தகங்களை ஊசி நூலால் தைத்து அட்டை போட்டார். அறுபது புத்தகங்கள் இருக்கும். மூன்றாம் நாள் மாலை அந்த ஆசிரியை, வகுப்பு முடிந்த பின் தயங்கித் தயங்கி மகளிடம் ஒன்று கேட்டார். அடுத்த மாதப் பாடங்களைத் தன்னோடு உட்கார்ந்து உரக்க வாசிக்க முடியுமா என்று. மூன்று மாலைகள் இருவரும் வாசித்தார்கள். படிக்க வந்தவர் கேட்டுப் பெற்ற ஒரே பாடம் அதுதான். அதை அவர் நாங்கள் போன பின்பும் முப்பது பேருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

குடும்பத்தோடு பயணம் போகும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பள்ளிக்குப் போகத்தான் வேண்டுமென்றால் ஆசிரியரிடம் போங்கள். அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அவர் நாற்காலியை அவரிடமே விட்டுவிடுங்கள். புத்தகம் தைப்பதாக இருக்கலாம், கணக்கேடு எழுதுவதாக இருக்கலாம், அவருடைய ஓராண்டு ஊதியத்துக்கு உதவுவதாக இருக்கலாம். படத்தில் நீங்கள் வராத வேலையாக இருந்தால் பெரும்பாலும் அது சரியான வேலை.

ஊர் திரும்பிய பின்பும் வாசிப்பு தொடர்ந்தது. ஆசிரியை பாடத்தை வாசித்துக் குரல்பதிவாக டெலிகிராமில் அனுப்புவார். சனிக்கிழமைகளில் மகள் கேட்டுத் திருத்தி அனுப்புவாள். ஆறு மாதம் தவறாமல் நடந்தது. பிறகு மகளுக்குத் தேர்வுகள் வந்தன. ஒரு வாரம் விட்டுப்போயிற்று, அடுத்த வாரம் வெட்கமாயிற்று, இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. நான் அவளைக் கண்டிக்கவில்லை. எட்டாம் நாள் கன்றுகளைப் போய்ப் பாராதவன் நான். ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கத்திலிருந்தே பதிவு வந்தது. புதிய பாடம். விட்ட இடத்துக்கு அடுத்த பாடம் அன்று. இடையில் எட்டுப் பாடங்களை அவர் தாமாகவே நடத்தி முடித்திருந்தார்.

மகள் அன்றிரவே கேட்டுத் திருத்தி அனுப்பினாள். சான்றிதழ் எங்கே என்று தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.