‘ஒரு ஊசி போட்டு விடுங்க!’

வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்தவருக்கு மூச்சு இழுக்கிறது. நெஞ்சுக்குள் விசில். ஆட்டோவில் அள்ளிப் போட்டுத் திண்டுக்கல் வருகிறார்கள். கிளினிக் படியேறியதுமே வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை, ‘ஒரு ஊசி போட்டு விடுங்க சார். மெஷின் மட்டும் வேணாம், பழகிடும்!’

பழகிடும் என்று யார் சொன்னது? டீக்கடை அண்ணன்தானே!

நீங்கள் கேட்டு வாங்கும் அந்த ஊசி பல இடங்களில் டெரிஃபிலின். நெபுலைசர் மருந்தோடு இந்த வகை ஊசியைச் சேர்ப்பதால் பெரிய லாபம் இல்லை, படபடப்பும் வாந்தியும்தான் மிச்சம் என்று ஆய்வுகள் சொல்லி வருஷக்கணக்காச்சு. சேர்க்க வேண்டிய மருந்து வேறு: இப்ராட்ரோப்பியம். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். சால்பூட்டமால், இறுகிய மூச்சுக்குழாயின் பூட்டைத் திறக்கிறது. இப்ராட்ரோப்பியம், மறுபடி பூட்ட வரும் நரம்பின் கையைப் பிடித்துக்கொள்கிறது. கடுமையான இழுப்பில் ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்து வைத்தால், ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ கால்வாசி குறைகிறது. நான் பி.காம். ஒரு சின்னக் குப்பி மருந்துக்கும் நாலு நாள் பெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஆடிட்டர் வேண்டாம்.

இதில் கூத்து என்னவென்றால், இப்ராட்ரோப்பியம் ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினுக்குச் சொந்தக்காரன். ஊமத்தைப் புகை வைத்தியம் 1802-ல் நம்ம மதராஸிலிருந்துதான் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. நம் வீட்டுப் பிள்ளை படித்துப் பட்டம் வாங்கித் திரும்பி வந்தால், வாசலில் நிறுத்தி ‘பழகிடும்’ என்கிறோம்! (அதற்காக வேலியோர ஊமத்தையைப் பிடுங்கிப் புகைத்து வைக்காதீர்கள். விஷம்.)

சேர்மானம் என்று கண்டதையும் ஊற்றுவதும் தப்பு. மெக்னீசியத்தை நெபுலைசரில் வைத்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற 2013 பிரிட்டிஷ் ஆய்வில் சொல்லும்படி பலன் இல்லை. கடுமையான கேஸுக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸாக ஏற்றினால்தான் உதவுகிறது.

இன்னொரு விஷயம். இவையெல்லாம் குழாயைத் திறக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. அதற்கு ஸ்டீராய்டு. விழுங்க முடிகிறவருக்கு மாத்திரையே ஊசிக்குச் சமம். ஆனால் குத்தினால்தான் வைத்தியம் என்று நம்பும் நமக்கு மாத்திரை என்றால் இளப்பம்!

உலக ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு 13 பேர் இந்தியர்கள். ஆஸ்துமா சாவுகளிலோ நூற்றுக்கு 42! நோய்க்கும் சாவுக்கும் நடுவே இருக்கும் அந்த வித்தியாசம், தினசரி இன்ஹேலரைத் தள்ளிப்போட்டு, இழுப்பு முற்றியதும் ஊசிக்கு ஓடுவதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

அடுத்த முறை படியேறும்போது ஊசி கேட்காதீர்கள். ‘மெஷின்ல இப்ராட்ரோப்பியம் சேர்த்தீங்களா டாக்டர்? ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சா? வீட்டுக்குப் போனதும் தினமும் எந்த பம்ப்?’ என்று கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.