மழை மலையும் மர நிழலும்

செங்கற்பட்டுக்குத் தெற்கே திருச்சி ரஸ்தாவில் மதுராந்தகத்தைத் தாண்டினால் அச்சிறுபாக்கம் என்னும் ஊர் வரும். அங்கே ஒரு குன்றின் மேல் கத்தோலிக்கர்களின் மழை மலை மாதா திருத்தலம் இருக்கின்றது. சென்ற மாதம் நமது தெருவிலுள்ள ஓர் அம்மாளுக்குத் துணையாக அங்கே போக நேர்ந்தது. “சுயமரியாதைக்காரனுக்கு மாதா கோவிலில் என்ன வேலை?” என்று தோழர்கள் சிலர் பரிகாசம் செய்தார்கள். அந்த அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல். இரண்டு வருஷத்திற்கு முன் அவருடைய ஒரே மகன் லாரி மோதி இறந்துபோனான். முழங்கால் வலியோடு தனியே பஸ் ஏற முடியாது என்றார். அதற்காகப் போனோமே தவிர மாதாவுக்காகப் போகவில்லை.

அந்த இடத்திற்கு மழை மலை என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். ஒரு சமயம் மழை பொய்த்துப் போயிற்றாம். ஜனங்கள் மாதாவை நோக்கி வேண்டினார்களாம். உடனே மழை கொட்டிற்றாம். நாம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டவுடன், “பார்த்தீர்களா, கிறிஸ்தவர்களைக் கண்டிக்கிறான்” என்று இந்துமத அபிமானிகள் சிலர் சந்தோஷப்படக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஏனெனில், அச்சிறுபாக்கம் என்ற பெயரே ஒரு புராணத்தினால் வந்ததென்று சொல்லுபவர்கள் அவர்கள். சிவபெருமான் திரிபுரத்தை எரிக்கத் தேரேறினாராம். பிள்ளையாரைக் கும்பிட மறந்தாராம். அதனால் தேரின் அச்சு இற்றுப் போயிற்றாம். தகப்பன் மகனைக் கும்பிடாததால் முழுமுதற் கடவுளின் வண்டியே குடைசாய்ந்தது என்கிறார்கள். நம் ஊர் வண்டிக்காரனோ அச்சுக்கு மை போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போகிறான்!

மதுராந்தகத்திலோ ஏரி காத்த ராமர் இருக்கிறார். 1790களில் லயோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்கார கலெக்டர் இருந்த காலத்தில் ஏரி நிரம்பி உடையும் தறுவாயில் இருந்ததாம். ராமரும் லட்சுமணரும் வில்லும் அம்புமாகக் கரையின் மேல் காவல் நின்றார்களாம். அதைக் கலெக்டரே கண்ணால் கண்டாராம். வெள்ளத்தை அம்பினால் எய்து நிறுத்த முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கரையை நிறுத்தியவர்கள் மண்வெட்டி பிடித்தவர்களும் கூடை சுமந்தவர்களும்தான். அவர்களில் ஒருவர் பெயராவது எந்தக் கோவிலிலாவது இருக்கின்றதா?

ஆகவே, ஒரே ரஸ்தாவில் அடுத்தடுத்த ஊர்களில், மழையைப் பெய்விக்க ஒரு மதத்தின் மாதாவும், பெய்த மழையைக் காக்க இன்னொரு மதத்தின் ராமரும் இருக்கிறார்கள். உண்மையில் இந்த ஜில்லாவுக்கு மழை எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் வங்காளக் கடலிலிருந்து வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால்தான் பாதிக்கு மேல் வருகிறது. அந்தக் காற்று இந்துவா, கிறிஸ்தவனா, முஸ்லிமா என்று பார்த்துப் பெய்வதில்லை. ஜனங்கள் எப்பொழுது மழைக்கு வேண்டுகிறார்கள்? நெடுநாள் வறண்ட பிறகுதானே? நெடுநாள் வறண்ட பிறகு என்றைக்காவது பெய்யத்தானே வேண்டும்? பெய்த வேண்டுதலுக்குக் கோவில் எழும்புகிறது. பெய்யாத வேண்டுதல் நூறு இருந்தாலும் அதற்குக் கல்வெட்டுக் கிடையாது.

இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் டையகோரஸ் என்ற நாத்திகனுக்கு இந்த வித்தை தெரிந்துவிட்டது. கப்பற்சேதத்தில் தப்பினவர்கள் கோவிலில் மாட்டியிருந்த படங்களைக் காட்டி, “இத்தனை பேரைக் கடவுள் காப்பாற்றியிருக்கிறாரே, பார்” என்றார்களாம். “முழுகிப் போனவர்களின் படங்கள் எங்கே?” என்று அவன் கேட்டானாம்.

நம் காலத்து சங்கதியையே பாருங்கள். 2019ஆம் வருஷக் கோடையில் சென்னைப் பட்டணமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. இந்து அறநிலையத் துறையார் மழைக்காக ஜபமும் யாகமும் செய்யும்படி கோவில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். மற்ற மதத்தாரும் தத்தம் இடங்களில் பிரார்த்தித்தார்கள். மழையோ பருவத்தில்தான் வந்தது. அதற்கு நாலு வருஷத்திற்கு முன், 2015 டிசம்பர் 1ந் தேதி முதல் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வீடுகள் முழுகின, மக்கள் மாண்டார்கள். மழையைக் கொடுத்தவர் இன்ன சாமி என்றால், அன்றைக்கு நிறுத்தத் தெரியாமல் போனவரும் அவர்தானே? லாபத்திற்கு மாத்திரம் கணக்கெழுதி நஷ்டத்தை மறைக்கிற கடைக்காரனை நாம் யோக்கியன் என்போமா?

மழை சொன்னதையே கடலும் சொல்லிற்று. கோவளத்தில் 1808இல் கட்டிய கார்மேல் மாதா கோவிலும், மாமல்லபுரத்தில் பல்லவர் கட்டிய கடற்கரைக் கோவிலும் நிற்கிற இதே கரையில் 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்தது. எந்த மதத்து மீனவன் என்று அலை விசாரிக்கவில்லை. வேளாங்கண்ணியில் மாதா கோவிலுக்குள் தண்ணீர் நுழையவில்லை என்று அற்புதம் பேசினார்கள். அதே வேளாங்கண்ணியில் கோவிலுக்கு வெளியே, மாதாவை நாடி வந்த யாத்திரிகர்களே நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தார்கள். கட்டிடத்தைக் காப்பாற்றிப் பக்தர்களைக் கைவிடுவது என்ன கருணை? மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்திலோ, அந்தச் சுனாமிக்குப் பிறகு 2005இல் மண்ணைத் தோண்டினபோது ஒரு பழைய முருகன் கோவிலே அகப்பட்டது. அது முற்காலத்தில் கடல் பொங்கி அழிந்திருக்கலாம் என்று தொல்பொருள் அறிஞர்கள் கருதினார்கள். கையில் வேல் இருந்தும் தன் கோவில் மண் மூடுவதைத் தடுக்க முடியாதவரா நம்மைக் காப்பவர்?

இனி ஜாதி சங்கதிக்கு வருவோம். கோவிலுக்குள் வராதே என்று துரத்தினவனைவிட, உள்ளே வா என்று கூப்பிட்டுப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்துக் கொடுத்தவன் மேலானவன் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியார் தாழ்த்தப்பட்ட வகுப்பு மக்கள் என்பதற்குக் காரணம் அதுவே. ஆனால் சிலுவை ஜாதியைப் போக்கிற்றா? 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே ஜாதிக் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஒரே மாதாவுக்குப் பிள்ளைகள் என்கிறவர்கள் ஒரே பாதையில் பிணத்தைக் கொண்டுபோகச் சண்டை போட்டால், அந்த மாதாவினால் ஆன பிரயோஜனம் என்ன?

இவ்வளவையும் நாம் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால் அன்றைக்கு அந்த மலையில் கேட்ட ஒரு வார்த்தைக்கு இவற்றில் ஒன்றும் பதிலாகவில்லை.

அந்த அம்மாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாம் கேட்டோம்: “அம்மா, மாதா உங்கள் மகனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாளா?”

“அது எனக்குத் தெரியாதா தம்பி? செத்தவன் வருவானா?” என்றார். “வீட்டில் அழுதால் மருமகள் ‘பிள்ளைகள் பயப்படுகிறார்கள்’ என்கிறாள். தெருவில் அழுதால் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே அழுதால் ஏன் என்று கேட்பாரில்லை. உங்கள் கூட்டத்துக்கும் ஒரு நாள் வந்தேன். நீங்கள் மைக்கு வைத்துக் கத்துகிறீர்கள். உட்கார ஒரு பெஞ்சு கூட இல்லை.”

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று.

தோழர்களே, இதை ஆற அமர யோசிக்க வேண்டுகிறோம். அந்த அம்மாளுக்கு அங்கே கிடைத்தது என்ன? நிழல், காற்று, அமைதி, ‘எழுந்து போ’ என்று சொல்லாத ஓர் இடம். இவற்றில் எது சிலையினால் வந்தது? மரம் நட்டவன் மனிதன். தண்ணீர் ஊற்றினவன் மனிதன். பாதையைப் பெருக்குகிறவன் மனிதன். மனிதன் செய்த உபகாரத்திற்கு மாதா பெயர் வாங்கிக்கொள்ளுகிறாள்! ஆறுதல் பொய்யல்ல; ஆறுதலுக்குச் சொல்லப்படும் காரணந்தான் பொய். அந்தப் பொய்யை மாத்திரம் பிடுங்கிவிட்டு நிழலையும் சேர்த்து வெட்டினால், வெயிலில் நிற்கிறவள் நம்மை நம்புவாளா?

1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில்தான் முதல் சுயமரியாதை மகாநாடு கூடிற்று. கோவிலுக்கும் சாமிக்கும் பணத்தைப் பாழாக்காமல் கல்வி முதலிய பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று அங்கே தீர்மானித்தார்கள். கோவிலுக்குக் கொடுக்காதே என்கிற பாதியை நாம் உரக்கச் சொல்லி வந்திருக்கிறோம். மற்றப் பாதியை எத்தனை ஊரில் செய்து காட்டினோம்? நமது படிப்பகங்களில் பத்திரிகை இருக்கிறது. தலைவர்கள் படம் இருக்கிறது. ஒரு கிழவி வந்து உட்கார இடம் இருக்கிறதா? வந்து உட்கார்ந்தவளிடம் வாதம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறானா?

ஒவ்வொரு படிப்பகத்து வாசலிலும் ஒரு வேப்ப மரமும் புங்க மரமும் நடுங்கள். அதனடியில் இரண்டு பெஞ்சு போடுங்கள். பெண்கள் கூச்சமில்லாமல் வந்து உட்காரும்படி செய்யுங்கள். துக்கப்பட்டவர் வீட்டிற்குப் புஸ்தகத்தோடு போகாமல் வெறுங்கையோடு போய், கூட உட்கார்ந்திருங்கள். இதற்கு உண்டியல் வேண்டாம், வேண்டுதல் வேண்டாம், பாதிரியும் புரோகிதனும் வேண்டாம்.

அந்த அம்மாள் அடுத்த மாதமும் மலைக்குப் போக வேண்டும் என்கிறார். துணைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். நமது தெருப் படிப்பகத்து வாசலில் சென்ற வாரம் ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறோம். அது நிழல் தருவதற்கு நாலைந்து வருஷம் ஆகும். அதுவரையில் அவரை மலைக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?